பொறியின் திண்மையும் மட்டமும்

எண்களின் கட்டளைப்படி இயங்கும் வெட்டுபொறியை 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இயக்கிக் காட்டினர். சி. என். சி. எனப்படும் அவ்வினத்துப் பொறி இன்று மாணவர் மேசையிலும் இடம் பெற்றுள்ளது. ‘3018’ என வழங்கும் சிறு பொறி, 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமுமான பரப்பில் மரத்தைச் செதுக்க வல்லது. இதனாற் பலகையில் தமிழெழுத்துக்களைப் பொறிக்க விரும்புவோர்க்கு வேண்டுவன இரண்டு: சட்டத்தின் திண்மை ஒன்று, மட்டம் மற்றொன்று. இவற்றுள் எதனை முதலிற் செய்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உளி மரத்தை அழுத்துங்கால் மரமும் உளியை எதிர்த்துத் தள்ளுகின்றது. அதனாற் சட்டம் வளையுமாயின், கட்டளை பிழையற்றதாயினும் வெட்டு பிழைபடும். இத்தகைய சிறு பொறியில் அவ்வளைவை உணர்ந்து திருத்தும் கருவி யாதும் இல்லை. இரு முனையிலும் தாங்கப்பெற்ற தண்டின் நடுவே ஒரு விசை தாக்கும்போது, தண்டின் நீளம் இருமடங்காயின் வளைவு எட்டு மடங்காகும். உருண்டைத் தண்டின் விட்டத்தை 10 மி.மீ.இலிருந்து 12 மி.மீ. ஆக்கினாலோ, திண்மை ஏறக்குறைய இருமடங்காகும். ஆதலின், பொறியை நீட்டிப் பெரிதாக்குவதினும் தண்டுகளைத் தடிப்பாக்குதலும், மூலைகளில் முக்கோணத் தகடுகளை இறுக்குதலும், உளியை மிகுதியாக வெளியே நீட்டாது பற்றுதலும் நற்பயன் தரும். டயல் கேஜை வைத்து, உளிபிடியை விரலால் தள்ளிப் பார்த்தால், தளர்ந்த உறுப்பு எதுவென்று புலப்படும்.

இனி மட்டத்தைக் காண்போம். கொத்தனாரின் ரசமட்டம் காட்டும் கிடைமட்டம் இப்பொறிக்கு இன்றியமையாததன்று. உளி செல்லும் தளமும் பலகையின் தளமும் தம்முள் இணையாதலே வேண்டும். ஆயினும், மேடுபள்ளமான மேசையில் நான்கு கால்களையும் வலிந்து இறுக்கினாற் சட்டம் முறுக்கிக்கொள்ளும். தரையிற் படியாத காலின் கீழ் மெல்லிய தகடு வைத்தல் நன்று. பின்னர், சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்த நீளமுடையனவா என அளத்தல் வேண்டும். அதன்பின், உளியிருக்கும் இடத்தில் வளைந்த கம்பியொன்றைப் பொருத்திச் சுழற்றி, நாற்றிசையிலும் கம்பிமுனை பலகையை ஒருபடித்தாகத் தொடுமாறு உளிபிடியை நிமிர்த்தல் வேண்டும். இவையனைத்தும் முடிந்தபின்னரே, அடிப்பலகையை அப்பொறியைக் கொண்டே சீவி மட்டமாக்கலாம்.

பலகையை முதலிலேயே சீவிவிட்டால் என்னை எனச் சிலர் வினவலாம். வளைந்த சட்டம் தன் வளைவையே பலகையிற் பதிக்கும். உளி சாய்ந்திருப்பின் பரப்பு வரிவரியாகப் படியும். அன்றியும், வெட்டும் விசையால் உண்டாகும் வளைவு மரத்துக்கு மரம் மாறுபடுமாதலின், அதனைச் சீவித் தீர்த்தல் இயலாது. ஆங்கிலப் பொறிவல்லுநர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் செவ்விய உலோகத் தளங்களை ஆக்கும் முறையை விளக்கினார். இரு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தினும், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருக்கலாம். மூன்று தகடுகள் ஒன்றுக்கொன்று மாறிமாறிப் பொருந்தினாலன்றித் தளம் மெய்ப்படாது. ஆகவே சீவிய பலகையையும் பொறியைச் சாராத நேர்விளிம்பு ஒன்றால் சோதித்தல் நலம்.

இத்துணை நுட்பம் எதற்கு எனின், 90 பாகை முனையுளியாற் செதுக்கும்போது, ஆழம் அரை மி.மீ. மிகுந்தாற் கோடு ஒரு மி.மீ. அகலும். அரை மி.மீ. ஆழத்திற் பொறிக்கும் புள்ளியோ, பலகை அவ்வளவு தாழ்ந்தவிடத்து முற்றும் தோன்றாது போகும்; ‘பல்’ என எழுதக் கருதியது ‘பல’ என நிற்கும். நம் எழுத்தில் ஒரு புள்ளி பொருளையே மாற்றவல்லது. ஆதலின், முதலிற் சட்டத்தைத் திண்ணிதாக்கி, அடுத்துச் செவ்வைப்படுத்தி, ஈற்றில் மட்டஞ்செய்தலே முறையாம்.