பிக்கப் வண்டியின் ஷாக் அப்சார்பர்

கேள்வி: பிக்கப் வண்டியின் பின்புற ஷாக் அப்சார்பர்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். சுமையைத் தாங்குவது பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரோ, பிஸ்டனிலுள்ள சிறு துளைகள் வழியே எண்ணெயை நெருக்கித் தள்ளி, அந்தப் பட்டையின் ஆட்டத்தை அடக்கும் கருவி என்பதால், அதைக் கழற்றும்போது வண்டி சரிந்துவிடாது. ஆயினும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்த பின்னரே தொடங்க வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விடுவது நல்லது.

பலர் தவறுவது இறுதிக் கட்டத்தில்தான். இரு முனைகளிலும் அதிர்வை ஏற்கும் ரப்பர் வளையமான புஷ் இருக்கிறது. அச்சு தொங்கும் நிலையில் போல்ட்டை முழுமையாக இறுக்கினால், வண்டி இறங்கியதும் அந்த ரப்பர் முறுகியே நின்று விரைவில் கிழிந்துவிடும் என்பதால், எடை அச்சின்மீது இருக்கும்போதே, கையேடு கூறும் அளவுக்கு இறுக்குதல் வேண்டும். இடம், வலம் இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை.

முன்புறத்தில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங் அமைந்திருந்தால், அழுத்தப்பட்ட அந்தச் சுருள் விடுபட்டுத் தெறித்து உயிரைப் பறிக்கக்கூடும். அவ்வேலையைப் பட்டறையிடமே ஒப்படையுங்கள்.