பிளேடு பயமும் அவசர நெகட்டிவும்

பிரிக்பீல்ட்ஸ் முடிவெட்டும் கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்ததும் “புது பிளேடு போடுங்கண்ணே” என்று பலரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், “எய்ட்ஸ் வந்துரும்ல!” கேட்பது நல்ல பழக்கம், காரணம்தான் தப்பு. உடலுக்கு வெளியே எச்.ஐ.வி. சீக்கிரமே செயலிழந்துவிடும். பிளேடில் பயப்பட வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. காய்ந்த ரத்தக் கறையிலும் அது குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். பத்துமலையில் ஒருவருக்குக் குத்திய அலகை இன்னொருவருக்குக் குத்தக் கூடாது என்பதற்கும் முதல் காரணம் அதுதான்.

கொசுக்கடி, ஒரே கிளாஸில் தே தாரேக், பொதுக் கழிப்பறை எதிலும் எச்.ஐ.வி. பரவாது. கொசுவுக்குப் பயப்பட நமக்கு டிங்கி போதும்.

“ஒரே ஒரு தடவைதானே?” இதுவும் அடிக்கடி கேட்கிற ஆறுதல். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி, தொற்றுள்ள ஆணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளும் பெண்ணுக்கு 10,000 தடவையில் சுமார் 8 முறை தொற்றலாம். ஆசனவாய் வழி உறவை ஏற்பவருக்கு அது 138. எண் சின்னதுதான், ஆனால் சராசரி. துணைக்குத் தொற்று புதிது என்றாலோ, வேறு பால்வினை நோய் இருந்தாலோ எகிறிவிடும். அதே துணை ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் தொற்றாது. இதை நம்மவர்கள் பலர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. “பத்தாம் நாளே டெஸ்ட் எடுத்துட்டேன், நெகட்டிவ்.” பத்தாம் நாள் ரிப்போர்ட் அநேகமாக எதையும் சொல்வதில்லை. உடல் எதிர்ப்பொருளை உருவாக்க வாரங்கள் ஆகும். கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை, எதிர்ப்பொருளோடு வைரஸின் பி24 புரதத்தையும் தேடுவதால், 45 நாளில் முடிவாகச் சொல்லிவிடும். விரல் நுனி ரத்தத்திலோ வாய்நீரிலோ செய்யும் துரிதச் சோதனைக்கு 90 நாள். ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “இது எந்த டெஸ்ட்?” அரசாங்க கிளினிக்குகளில் பெயர் சொல்லாமலே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்கிற கிட்டில் ‘சி’ கோடு விழாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும். ‘சி’ மட்டும் என்றால் நெகட்டிவ். ‘டி’ பக்கம் மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான். ஆனால் அது பாசிட்டிவ் என்று முடிவாகிவிடாது, ஆய்வகம் உறுதிப்படுத்த வேண்டும்.

சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? நாள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே டாக்டரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவிலோ தொற்றைத் தடுக்கும் ‘பெப்’ (PEP) மாத்திரை கேளுங்கள், முந்தினால் முந்திய பலன். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 45 நாளோ 90 நாளோ, கணக்கு கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்துதான் தொடங்கும்.