செல்லிப்பட்டில் நரைக்கள்ளி

கள்ளி என்றவுடன் தமிழ் பயில்வார் நெஞ்சிற் பாலைத்திணை தோன்றும். ஆயினும் சங்கச் செய்யுட்கள் கூறும் கள்ளி வேறு. ஈண்டு யாம் எழுதப் புகுந்த நரைக்கள்ளி வேறு. முன்னதைக் கீறினாற் பால் வடியும். பின்னதிற் பால் இல்லை. இதன் முட்கள் சிறு பஞ்சணை போன்ற புள்ளிகளினின்று கொத்தாய் எழுவன. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்குடும்பத்தை ஐரோப்பியர் கடல்வழி வருமுன் நம் முன்னோர் கண்டிலர். பழம்பாட்டின் கள்ளிக்குச் சப்பாத்திக்கள்ளியைப் பொருளாகக் கொள்வது பெரும்பிழையென்பது எம் துணிபு.

நரைக்கள்ளியின் தாயகம் மெக்சிகோ நாட்டு இடால்கோ மாநிலத்துச் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள். தூண்போல் நிமிர்ந்து 12 மீட்டர் வரை உயரும். உடலைப் போர்த்த வெண்மயிர் திரிந்த முட்களே. அவை கடுவெயிலையும் குளிரையும் தடுப்பன. மாந்தர்க்கு மாறாக இளமையிலேதான் இதற்கு நரை மிகுதி. மூத்த தண்டின் அடிப்பகுதி மயிரிழந்து நிற்கும்.

குளிர்நாடுகளிற் கண்ணாடி மனை வெப்பத்தைக் காக்க எழுந்தது. செல்லிப்பட்டில் வெப்பத்திற்குக் குறைவேது? சங்கராபரணிக் கரையிலுள்ள இவ்வூர்க்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றது. நரைக்கள்ளி தன் நாட்டில் நீரின்றி ஓயத் தொடங்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஓய்விருக்கும் வேர் நனைந்தால் அழுகும். ஆதலின் இங்கே கண்ணாடி போர்வையன்று, குடை. கூரை மட்டும் கண்ணாடியாக, நாற்புறமும் காற்றுப் புகுதல் வேண்டும். அடைத்துவிடின் சித்திரையில் மனை அடுப்பாகும். 2021ஆம் ஆண்டு வெள்ளத்தில் இவ்வூர்ப் படுகை அணை உடைந்ததை அறிந்தோர் சட்டிகளை மேடையின்மேல் வைப்பர்.

ஆற்று வண்டல் இதற்கு ஆகாது. பருமணல், உடைத்த செங்கல், சிறிது சுண்ணாம்புக்கல் கலந்து மண்சட்டியில் நடுக. பங்குனி முதல் ஆவணி வரை, மண் முற்றும் உலர்ந்தபின், மயிரில் தெறியாது அடியில் நீர் வார்க்க. மார்கழி, தையில் நீரே வேண்டா.

பெரும்பகை மாவுப்பூச்சி. வெண்மயிருள் வெண்பூச்சி ஒளிந்தாற் கண்டறிதல் அரிது; வாரந்தோறும் மயிரை விலக்கிப் பார்த்து, சாராவியில் தோய்த்த பஞ்சால் ஒற்றியெடுத்தல் நன்று. இதற்கு உறவான செதிற்பூச்சி ஒன்றை 1926இல் இலங்கையினின்று கொணர்ந்து விட்டே தென்னாட்டு வயல்களை விழுங்கிய சப்பாத்திக்கள்ளியை அடக்கினர். வயலில் நண்பனாயது மனையிற் பகையாயிற்று.

காட்டினின்று பெயர்த்த பெருஞ்செடியை விலைக்கு வாங்குவது தகாது. அழகு கருதிப் பலர் பெயர்த்தமையால் தாயகத்திலேயே இவ்வினம் அருகிவருகின்றது. விதையினின்று வளர்த்த கன்றையே கொள்க. சட்டியில் அது பூப்பது அரிது. மெக்சிகோச் சரிவுகளிலோ நெடுங்காலம் வளர்ந்த தண்டுகளின் உச்சியில் மலர்கள் இரவில் விரியும். வௌவால்கள் தேன் நாடி வரும்.