ஐந்து எச்.பி. மோட்டாரும் ஓம் கணக்கும்

கேள்வி: எங்கள் போர்வெல்லில் 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் ஓடுகிறது. 415 வோல்ட், 7.5 ஆம்பியர். வகுத்தால் 55 ஓம். மீட்டர் வைத்தால் காயில் 5 ஓம்தான். பெருக்கினால் 3,112 வாட். ஆனால் 5 எச்.பி. என்றால் 3,730 வாட் ஆயிற்றே?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: உங்கள் கணக்கு ஹீட்டருக்குச் சரி. 230 வோல்ட்டில் 1,000 வாட் ஹீட்டர் சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கும்; தடை 53 ஓம். அவ்வளவுதான்.

மோட்டார் அப்படியல்ல. சுழலும்போது காயிலுக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகி, வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த 5 ஓம் வெறும் செம்புக் கம்பியின் தடை. கிளம்பும் நொடியில் அந்த எதிர்ப்பு குறைவாக இருப்பதால்தான் ஆம்பியர் முள் ஐந்தாறு மடங்கு துள்ளி இறங்குகிறது.

மூன்று பேஸ் என்பதால் பெருக்கலோடு 1.732, பவர் ஃபேக்டர் இரண்டையும் சேருங்கள். பவர் ஃபேக்டர் 0.8 என்று கொண்டால் சுமார் 4,310 வாட். அதில் 3,730 தண்டில் வேலையாக வருகிறது, மிச்சம் சூடு.

1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் டெல்டாவில் வாட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆம்பியரையாவது பாருங்கள். குறுவை நாற்றங்கால் சமயத்தில் எல்லாரும் மோட்டார் போட, வோல்டேஜ் இறங்கும், ஆம்பியர் ஏறும். 7.5 என்பது 9 ஆனால் காயில் சூடு 44 சதவீதம் கூடும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதுதான் காரணம். ஓவர்லோடு ரிலே விழுகிறதே என்று திருகி உயர்த்தாதீர்கள். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரிலேயே அது நிற்கட்டும்.