சதுப்பு நிலம் கட்டிய பள்ளி

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நிலக்கோளம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் மூன்றும் தனித்தனிப் பாடங்கள். எரிமலையை நடத்தி முடித்துப் பல வாரங்கள் கழித்துத்தான் ஏரிக்கும் காட்டுக்கும் வருகிறோம். அதற்குள் மாணவர்கள் முன்னதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றால்தான் மற்றொன்று உண்டானது என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை. மூன்றையும் சேர்த்துக் காட்ட ஓர் இடம் தேடியபோது மேற்கு உகாண்டா பொருத்தமாக அமைந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே ஃபோர்ட் போர்ட்டல் என்ற நகரம் இருக்கிறது. அதைச் சுற்றி எரிமலைப் பள்ளங்களில் நீர் நிறைந்த ஏரிகள் பல உள்ளன. பக்கத்திலேயே கிபாலே காடு, அந்தக் காட்டை ஒட்டி பிகோடி சதுப்பு நிலம். அட்லஸும் ஹைடெக் ஆய்வகக் கணினியில் செயற்கைக்கோள் படமும் இருந்தால் நான்கு பாடவேளைகளில் இந்தப் பயணத்தை முடித்துவிடலாம்.

படத்தைப் பெரிதாக்கியதும் ஒரு மாணவி, "பெரிய பெரிய கிணறு மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். நல்ல தொடக்கம். கிணறு என்றால் வெட்டியது யார் என்று கேட்டேன். அந்தப் பகுதி பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில் இருக்கிறது. அங்கே புவியோடு இழுபட்டு மெலிகிறது. பாறைக்குழம்பு மேலே ஏறுகிறது. அது நிலத்தடி நீரைச் சந்தித்தால் என்ன ஆகும்? சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும் என்று கரும்பலகையில் எழுதி, இது பூமிக்கு அடியில் அடைபட்ட இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். குக்கர் வெடிப்பது போல என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வெடிப்பு நிலத்தைத் தோண்டிப் பள்ளமாக்குகிறது. வெளியே விழுந்த சாம்பலும் கல்லும் சுற்றிலும் தாழ்ந்த கரையாகின்றன. மழைநீரும் ஊற்றுநீரும் பள்ளத்தை நிரப்புகின்றன. எரிமலை என்றாலே கூம்பு வரையும் பழக்கம் இந்த ஒரு பாடவேளையிலேயே குறைகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஏரிகளுக்கு மேற்கே தெரியும் ருவென்சோரி மலையையும் மாணவர்கள் எரிமலை என்றே சொல்வார்கள். 5,109 மீட்டர் உயரமும் உச்சியில் பனியும் கொண்ட அந்த மலை, நிலப்பகுதி மேலே தூக்கப்பட்டதால் உண்டான பிதிர்வு மலை. அதேபோல வட்டமான ஏரியெல்லாம் எரிமலை ஏரி அல்ல. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி எரிமலைப் பாறையின் மேல்தான் இருக்கிறது. ஆனால் பள்ளத்தை உண்டாக்கியது விண்கல்.

தெற்கே கட்வே ஏரியும் எரிமலைப் பள்ளம்தான். ஆனால் நீர் வெளியேற வழியில்லை. வெயிலில் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. ஓரங்களில் பாத்தி கட்டி, நீரில் இறங்கி நின்று, தலைமுறை தலைமுறையாக உப்பு எடுக்கிறார்கள். கடற்கரை மாவட்டங்களில் பணிபுரிவோர் இந்தப் படத்தை உப்பளப் படத்தோடு சேர்த்துக் காட்டலாம், விளக்கமே தேவைப்படாது.

காட்டை நான் வேகமாகக் கடந்தேன். சிம்பன்சி படத்தை முதலில் காட்டிவிட்டால் வகுப்பு உயிரியல் பூங்கா ஆகிவிடும் என்பது என் அனுபவம். கிபாலேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிம்பன்சிகளையும், அவற்றோடு சேர்த்து 13 வகைக் குரங்கினங்களையும் தாங்குவது பழமரங்கள். அந்தப் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பி மரங்களைத் தாங்குபவையும் அவைதான். அது புரிந்தால் போதும்.

நிற்க வேண்டிய இடம் பிகோடி. காட்டை ஒட்டிய மேடுகளின் நீர் தாழ்வான பள்ளத்தில் மெதுவாக நகர்கிறது. அங்கே ஆளுயரத்துக்கும் மேல் பாப்பிரஸ் வளர்ந்திருக்கிறது. எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய அதே தாவரம். நம் ஊர்ப் பாய் நெய்யும் கோரையும் அதுவும் ஒரே பேரினம், இரண்டுமே 'சைப்பெரஸ்'. இதைச் சொன்னதும், பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளை ஒருவன் தண்டு முக்கோணமாக இருக்குமா என்று கேட்டான். இருக்கும். வண்டலைப் பிடித்து நிறுத்துவதும், ஓடிவரும் நீரை வடிகட்டுவதும், மழைநீரை உடனே ஓடவிடாமல் தேக்குவதும் இந்த வேர்ப் பின்னலின் வேலை.

சதுப்பு நிலம் என்றால் என்ன நினைவுக்கு வருகிறது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தேன். கொசு, நாற்றம், பாம்பு, குப்பை கொட்டும் இடம் என்றே பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். பிகோடியிலும் சதுப்பை வடித்துப் பயிர் செய்யலாமே என்ற ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் 1990களின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து அதைக் காக்க முடிவு செய்தார்கள். சேற்றின் மேல் பலகைப் பாதை போட்டார்கள்; உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள் ஆனார்கள். பறவைகளையும் குரங்குகளையும் பார்க்க வருவோர் தரும் கட்டணத்தில் அவர்கள் முதலில் கவனித்த வேலைகளில் ஒன்று, அந்த ஊரில் இல்லாதிருந்த உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. பிகோடி உயர்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது.

வகுப்பு அமைதியானது அப்போதுதான். பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "அங்க பறவை பார்க்கக் காசு குடுத்து வருவாங்க டீச்சர். நம்ம கோரைப் பள்ளத்துக்கு யார் வருவா?"

நியாயமான கேள்வி. சிம்பன்சி பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் இருப்பதால்தான் பிகோடிக்கு வருமானம் வருகிறது. அதை மறைத்துவிட்டு, எல்லா ஊரும் பிகோடி ஆகலாம் என்று மாணவர்களிடம் சொல்வது சரியல்ல. எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கோரைப் பள்ளத்தைப் பார்க்க யாரும் கட்டணம் கொடுத்து வரப்போவதில்லை. அப்படியானால் அது ஊருக்கு என்ன தருகிறது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். அவர்கள் தேர்ந்தெடுத்தது கிணறுகளை.

பள்ளத்தை ஒட்டி ஒரு கிணறு, மேட்டுத் தெருவில் ஒரு கிணறு. அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கல் கட்டி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளக்கிறார்கள். தேதி, ஆழம், அந்த வாரம் மழை உண்டா, மோட்டார் ஓடியதா என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை. மோட்டார் ஓடிய அன்று எடுத்த அளவை ஒப்பிடக் கூடாது என்பதை அவர்களே விதியாக்கினார்கள். மழைக்குப் பின் மேட்டுக் கிணற்றில் நீர் சீக்கிரம் இறங்கியது. பள்ளத்துக் கிணற்றில் அவ்வளவு இறங்கவில்லை. இரண்டின் ஆழமும் வேறு, மண்ணும் வேறு. எனவே கோடை முடியும்வரை எந்த முடிவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: கைப்பிடிச் சுவர் உள்ள கிணற்றையே தேர்ந்தெடுங்கள். கயிற்றை இறக்குவது ஆசிரியரோ வீட்டுப் பெரியவரோதான். மாணவர்கள் முடிச்சு எண்ணிக் குறிக்கட்டும்.