செட்டிங்ஸைத் திறக்காதவருக்காக

அன்புள்ள தம்பி,

உன் உப்பள ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து, மழை இறங்குவதற்குள் உப்பை வாரிக் கரை சேர்க்க வேண்டும் என்கிற அந்தப் பதைப்பு நன்றாக வந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இன்று நீ கேட்டதற்கு மட்டும் பதில். ஒருவர் ஆட்டத்தை முதல்முறை திறக்கும்போது திரை, நிழல், தண்ணீரின் பிரதிபலிப்பு, ஃப்ரேம் வேகம் எல்லாம் எந்த அளவில் இருக்க வேண்டும்?

‘எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிட்டேன், வேண்டியவர்கள் செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளட்டும்’ என்று எழுதியிருந்தாய். இதை நான் ஏற்கவில்லை. ஆட வருகிறவர்களில் பெரும்பாலோர் செட்டிங்ஸ் பக்கம் போவதே இல்லை. ஆட்டம் திக்கினால் ‘நம்ம கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஓடாது’ என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். உன்னிடம் வந்து குறை சொல்லவும் மாட்டார்கள். நீ வைத்துக் கொடுக்கும் டிஃபால்ட்தான் அவர்கள் பார்க்கும் ஒரே ஆட்டம்.

அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். மரக்காணத்தில் உன் கூட்டாளிகள் வீட்டில் இருப்பது, அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அவற்றில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. சிப்போடு ஒட்டிய கிராஃபிக்ஸ்தான், அதுவும் ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். அதைவிட்டால் ஒரு நடுத்தர விலை ஃபோன். நீ ஆட்டத்தைச் செய்வது மாமாவின் புதுக் கணினியில். அதில் வழுக்கிக்கொண்டு ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. யாரிடமாவது அந்தப் பழைய மடிக்கணினியை இரவல் வாங்கு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் செய்வாய் என்றால் அதைச் செய்.

செட்டிங்ஸுக்கு முன்னாலேயே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. நீ ஆட்டத்தைச் செய்யும் கோடாட் 4 மென்பொருளில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ஃபார்வர்ட் பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி என்று படம் வரையும் மூன்று ரெண்டரர்களைக் காட்டும். நீ முதலாவதை எடுத்திருக்கிறாய். முதல் இரண்டும் வல்கன் போன்ற புது வழிகளில் படம் வரைபவை. வல்கனே 2016 பிப்ரவரியில்தான் வெளிவந்தது; அதற்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு அது தெரியாது. கம்பாட்டிபிலிட்டி பழைய ஓப்பன்ஜிஎல் வழியில் வரைகிறது. மிகப் பழைய கணினிகளில் அதுவும் ஓடுகிறதா என்று சோதித்துத்தான் பார்க்க வேண்டும், ஆனாலும் உனக்கு அதுதான் பொருத்தம். ரெண்டரரை மாற்றினால் ஒளியும் நிறமும் கொஞ்சம் மாறிப்போகும், சில அலங்காரங்கள் கிடைக்காது. ஆகவே பாதி ஆட்டம் முடிந்த பிறகு மாற்றுவதைவிட இப்போதே மாற்றிவிடு.

நீ இழக்கப்போகும் அலங்காரங்களில் ஒன்று தண்ணீர்ப் பிரதிபலிப்பு. திரையில் இருப்பதையே எடுத்து நீரில் காட்டும் அந்த உத்தி ஃபார்வர்ட் பிளஸில் மட்டும்தான் உண்டு. உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். உப்பளம் என்றாலே பாத்தியில் வானம் தெரிவதுதானே. ஆனால் உன் ஆட்டத்தில் திரையின் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனை புள்ளிகளுக்கும் பிரதிபலிப்பைக் கணக்கிடுவது எளிய சிப்பின் முதுகை ஒடித்துவிடும். காலை, உச்சி, மாலை என்று மூன்று வானப் படங்களை வைத்துக்கொண்டு நேரத்துக்கு ஏற்ப அவற்றையே நீரில் காட்டு. அசையாத பாத்தித் தண்ணீரில் தெரிவது பெரும்பாலும் வானம் மட்டும்தான்; உண்மைக்கும் அது தூரமில்லை.

அடுத்தது ரெசல்யூஷன். 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். 1366-க்கு 768 திரையில் 10,49,088. ஏறக்குறைய பாதி. வேலையும் ஏறக்குறைய அந்த விகிதத்தில் குறையும். அதற்காக ஜன்னலின் அளவையே சுருக்கிவிடாதே. ஆட்டம் ஃபுல் ஸ்க்ரீனில், கணினித் திரையின் சொந்த அளவிலேயே திறக்கட்டும். முப்பரிமாணக் காட்சியை மட்டும் குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி கோடாட்டில் உண்டு. அதை 0.75 என்று வைத்தால் நீளம், அகலம் இரண்டும் முக்கால். புள்ளிகள் 56 சதவீதம். எழுத்தும் பொத்தான்களும் முழுக் கூர்மையோடு நிற்கும்.

தமிழுக்கு இது மிகவும் முக்கியம். ஆங்கில எழுத்தைச் சின்னப் புள்ளிக் கட்டங்களில் அடைத்தாலும் படித்துவிடலாம். ண, ன சுழிகள் அங்கே ஒன்றோடொன்று குழைந்துவிடும். எழுத்தின் டிஃபால்ட் அளவை நீ இப்போது வைத்திருப்பதைவிடப் பெரிதாக்கு. பொத்தான்களை அகலமாக்கு, நம் சொற்கள் நீளமானவை. பழைய கணினிக்காகக் கோடாட் 3-க்கு இறங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அதில் எழுத்துகளைக் கோக்கும் ஏற்பாடு கிடையாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

ஃப்ரேம் வேகத்துக்கு வருகிறேன். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமை வரைய 16.7 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். 30 என்றால் 33.3. 40-க்கும் 60-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட அசையாத 30 கண்ணுக்கு இதமானது என்பது என் உறுதியான கருத்து. ஃப்ரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வீசின்க் டிஃபால்ட்டாக இயங்கட்டும். மேலே 60 என்று ஓர் எல்லையும் வை. இல்லையென்றால் ஒன்றுமே நடக்காத மெனு பக்கத்தில்கூடச் சில கணினிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களை வரைந்து தள்ளி, விசிறி கதற, பேட்டரி கரையும். ஃபோனில் 30-ஐயே டிஃபால்ட்டாக வைக்கலாம்.

வேகத்தைக் குறைத்தால் ஆட்டமே மெதுவாகிவிடக் கூடாது. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் ஆட்டத்தைப் பார். 320-க்கு 200 புள்ளித் திரை. கணினி திணறினால் கூட்டல் கழித்தல் விசைகளால் காட்சிச் சட்டத்தையே சுருக்கிக்கொள்ளலாம். இன்னொரு விசையில் நுணுக்கத்தையும் பாதியாக்கலாம். ஆனால் உள்ளே ஓடும் ஆட்டக் கடிகாரம் நொடிக்கு 35 துடிப்பு என்பது மாறாது. படம் எத்தனை மங்கினாலும் எதிரி அதே வேகத்தில்தான் வருவான். உன் ஆட்டத்தில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உப்பு இவ்வளவு விளையும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் மாமாவின் கணினியில் உப்பு சீக்கிரம் விளையும், கூட்டாளியின் கணினியில் தாமதமாகும். விளைச்சலை, முந்தைய ஃப்ரேமிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்கு.

எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் இதே கண்ணோடு பார். கழுவேலி ஏரிப் பக்கமிருந்து வரும் பூநாரைக் கூட்டம் அழகுக்காக. இருபதுக்குப் பதில் எட்டு பறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நிழல் வரைபடத்தை 4096-இலிருந்து 2048 ஆக்கினால் தட்டையான உப்பளத்தில் வித்தியாசமே தெரியாது. கிழக்கே திரளும் மழைமேகம் அப்படியில்லை. அதைப் பார்த்துத்தான் ஆடுபவர் உப்பை வாரலாமா என்று முடிவெடுக்கிறார். எந்த அமைப்பிலும் அது முழுதாகத் தெரிய வேண்டும்.

வெளிச்சத்தை நீ யோசிக்கவே இல்லை. வெள்ளை உப்புமேல் இளநீல எழுத்து இரவில் உன் அறையில் பளிச்சென்று இருக்கும். சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஃபோனில் ஆடுபவருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துக்குப் பின்னால் கரும்பட்டை போடு, அதையே டிஃபால்ட்டாக்கு. வெயிலில் சூடேறினால் ஃபோன் தன் வேகத்தையும் திரை வெளிச்சத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் மூன்று நிமிடச் சோதனை எதையும் காட்டாது. அரை மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டுப் பிறகு அளந்து பார்.

கணினியின் பெயரைப் பார்த்துத் தரத்தை ஊகிக்கும் நிரல் எழுதாதே, பட்டியல் முடிவில்லாமல் நீளும். குறைந்த அமைப்பில் தொடங்கு. முதல் சில நொடிகளின் திக்கலை விட்டுவிட்டு, அதன்பின் ஒரு நிமிடம் ஃப்ரேம் நேரத்தை அள. சராசரி ஏமாற்றும், மோசமான ஃப்ரேம்களைப் பார். ஃப்ரேமுக்கான நேரத்தில் நிறைய மிச்சமிருந்தால் ‘படத்தை இன்னும் தெளிவாக்கலாமா?’ என்று ஒரே ஒரு முறை கேள். அவர் சொன்ன பதிலை, ஆட்டச் சேமிப்போடு கலக்காமல், தனிக் கோப்பில் எழுதி வை. கோப்பு பழுதானால் சத்தமில்லாமல் டிஃபால்ட்டுக்குத் திரும்பு. திரை அளவை அவர் மாற்றும்போது மட்டும் 15 நொடி காத்திரு. ‘சரி’ என்று அழுத்தாவிட்டால் பழையபடி ஆக்கிவிடு. திரை கறுத்துப்போனால் எந்தப் பொத்தானைத் தேடுவார், பாவம்.

இரவல் மடிக்கணினியிலும் ஃபோனிலும் அரை மணி ஆட்டத்துக்குப் பிறகு வந்த மோசமான ஃப்ரேம் நேரங்களை எழுதி அனுப்பு. 33 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் எதை முதலில் குறைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா