நலவாழ்வுப் பாடம்: நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாமே!



சென்ற இதழ் உங்கள் கைக்குக் கிடைத்த பின்பு எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒன்று, ஒரு கிராமத்துப் போதகர் அம்மா எழுதியது. அவர்களுடைய மகளுக்கு இது முதல் பிரசவம். ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லோ லையிங் பிளசென்டா' என்று போட்டிருந்ததாம். "நஞ்சு கீழே இருக்கிறதாமே, பிள்ளைக்கு ஆபத்தா? மூன்று வாரமாக மகளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்க விடவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். 'மாடிப்படி ஏறாதே என்று சொன்னோம், கேட்டாளா?' என்கிறார்கள் மாமியார் வீட்டில். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள்" என்று எழுதியிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு உடனே பதில் போட்டுவிட்டோம். ஆனாலும் இதே கேள்வியோடு கர்ப்பிணிகளும் அவர்களுடைய தாய்மாரும் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்துகொண்டே இருப்பதால், அந்தப் பதிலையே சற்று விரித்து இம்மாதப் பாடமாகத் தருகிறோம். உங்கள் சபையிலும் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு பெண் இருக்கக்கூடும்.

முதலில் மாடிப்படி விஷயத்தை முடித்துவிடுவோம். கரு உண்டாகி ஒரு வாரம், பத்து நாளுக்குள் அது கர்ப்பப்பையின் சுவரில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே ஒட்டியதோ அங்கேதான் நஞ்சுக்கொடி வளரும். அப்போது அந்தப் பெண்ணுக்குத் தான் கர்ப்பமாக இருப்பதே தெரியாது. நாள் தள்ளிக்கூடப் போயிருக்காது. ஆகவே படி ஏறியதாலோ, தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, பஸ்ஸில் போனதாலோ நஞ்சுக்கொடி கீழே இறங்கிவிடுவதில்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள், கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், வயது கூடிய தாய்மார் ஆகியோருக்கு இது சற்று அதிகமாக வருகிறது என்பது உண்மை. இவர்களில் யார் மேலும் குற்றம் இல்லை. பெண்ணைக் குறை சொல்லுகிற பெரியவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் வாசித்தால் நல்லது.

இனி ரிப்போர்ட்டின் பொருளைப் பார்ப்போம். பிள்ளைக்கு உணவும் பிராணவாயுவும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே போகின்றன. நிறைமாதத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள உறுப்பு. வழக்கமாக அது கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் இருக்கும். சிலருக்குக் கீழ்ப்பாகத்தில், கர்ப்பப்பை வாய்க்கு அருகில் இருந்துவிடுகிறது. அதன் ஓரம் உள்வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 'லோ லையிங்' என்றும், வாயையே மூடிக்கொண்டிருந்தால் 'பிளசென்டா ப்ரீவியா' என்றும் இன்று எழுதுகிறோம். பழைய ரிப்போர்ட்டுகளில் ஒன்றாம் தரம், நான்காம் தரம் என்று எண் போட்டிருப்பார்கள்.

ஐந்தாம் மாதத்தில் இப்படிக் காணப்படுகிற பத்துப் பெண்களில் சுமார் ஒன்பது பேருக்குப் பிரசவ காலத்துக்குள் அது தானாகவே விலகிவிடுகிறது. "நஞ்சு நகர்ந்து மேலே போய்விட்டது" என்று நாங்களும் பேச்சுவாக்கில் சொல்லுகிறோம். உண்மையில் ஒட்டிய இடத்தைப் பிய்த்துக்கொண்டு அது எங்கும் போவதில்லை. கொடியில் தொங்கும் பூசணிப் பிஞ்சில் காம்பை ஒட்டி நகத்தால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். காய் பெருக்கப் பெருக்க அந்தக் கீறல் காம்பை விட்டு விலகிப் போயிருக்கும். கீறல் நடக்கவில்லை, காய் வளர்ந்தது. கர்ப்பப்பையின் கீழ்ப்பாகமும் கடைசி மூன்று மாதங்களில்தான் நன்றாக நீண்டு விரிகிறது. விரியும்போது நஞ்சுக்கொடியின் ஓரம் வாயிலிருந்து தள்ளிப் போகிறது. ஐந்தாம் மாத ரிப்போர்ட்டை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், 32-ஆம் வாரத்தில் மறுபடி பார் என்கிற நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அப்போதும் கீழே இருந்தால் 36-ஆம் வாரத்தை ஒட்டி இன்னொரு முறை பார்க்கிறோம். பிரசவ நேரத்தில் உண்மையாகவே ப்ரீவியா இருப்பது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான்.

இந்த மறு ஸ்கேனைப் பிறப்புறுப்பு வழியாகச் செய்வோம் என்றதும் பல பெண்கள் பயந்து எழுந்து போய்விடுகிறார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட இதில்தான் தூரம் சரியாகத் தெரியும். கருவி கர்ப்பப்பை வாயைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். அதனால் இரத்தப்போக்கு உண்டாவதில்லை. துணைக்குப் பெண் ஊழியர் ஒருவர் கட்டாயம் உடன் இருப்பார்.

கட்டில், செங்கல் பற்றி: இரத்தம் படாத பெண்ணைப் படுக்கையில் போட்டு வைப்பதால் நஞ்சுக்கொடி மேலே போவதும் இல்லை, இரத்தப்போக்கு தடுக்கப்படுவதும் இல்லை. மாறாக, கால் நரம்புகளில் இரத்தம் உறைந்துபோகும் அபாயம் உண்டு. உடல் தளர்ந்து, மலச்சிக்கலும் மனச்சோர்வும் வந்து சேரும். வீட்டு வேலையை அளவோடு செய்யலாம், நடக்கலாம், ஆலயத்துக்கு வரலாம். கடைசி மாதங்களிலும் நஞ்சுக்கொடி கீழேயே இருந்தால், அல்லது ஒரு தரம் இரத்தம் பட்டிருந்தால், கணவன் மனைவி உறவைத் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்ல டாக்டர்களே கூச்சப்படுவதால் பலருக்கு இது தெரியாமலேயே போகிறது.

ஆபத்து இருப்பது இரத்தப்போக்கில். அது வரும் விதமே மக்களை ஏமாற்றிவிடுகிறது. வலி இருக்காது, வயிறு கல்லாக இறுகாது. தூங்கி எழுந்தால் சேலையில் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் இருக்கும். வலிதான் ஆபத்தின் அடையாளம் என்று நினைக்கிற நம் ஊர்களில், "உடம்புச் சூடு, இளநீர் குடி, சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முதல் இரத்தப்போக்கு தானாக நின்றும்விடும். நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அது எச்சரிக்கை மணி மட்டுமே. அடுத்தது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் பயிற்சி முடித்த புதிதில் வேறொரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். எட்டாம் மாதத்தில் இரத்தம் பட்ட ஒரு பெண்ணை, இரவு பதினொரு மணிக்கு மீன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வரும் வழியில் ஓரிடத்தில், வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அறிய ஒருவர் விரல் விட்டுப் பரிசோதித்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாதாரணப் பிரசவத்தில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். கசிந்துகொண்டிருந்த இரத்தம் அதோடு குழாய் திறந்ததுபோல் ஆகிவிட்டது. தாயைக் காப்பாற்றினோம். பிள்ளையை முடியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, "வலியே இல்லையேம்மா, வலியே இல்லையேம்மா" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த உண்மையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது அதிக விலை கொடுத்துத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில், உள்ளே பிள்ளையைத் திருப்பி, காலைப் பிடித்துக் கீழே இழுத்து, அதன் உடலையே இரத்தத்தை அடைக்கும் தக்கையாக வைத்தார்கள். தாய் சில வேளை பிழைப்பாள். பிள்ளை பெரும்பாலும் பிழைப்பதில்லை. 1945-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து மருத்துவர் மக்கஃபி, 174 தாய்மாரைப் பற்றிய தம் அனுபவத்தை வெளியிட்டார். விரல் படாமல் விட்டுவிட்டால் முதல் இரத்தப்போக்கு தாயைக் கொல்வது அரிது. ஆகவே அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்து, இரத்தத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, பிள்ளை வளரும் வரை காத்திருக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி. அப்போது ஸ்கேன் கிடையாது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒலி அலைகளால் வயிற்றுக்குள் பார்க்கும் முறையைப் பற்றி எழுதியது 1958-இல்தான். நாங்கள் இன்று செய்வதும் அடிப்படையில் மக்கஃபி சொன்னதையே.

ஆகையால் நஞ்சுக்கொடி கீழே உள்ள பெண்ணுக்கு ஒரு துளி இரத்தம் பட்டாலும் இளநீரைத் தேட வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். வழியில் எந்த இடத்தில் நிறுத்தினாலும், "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, உள்பரிசோதனை செய்யாதீர்கள்" என்று முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணே சொல்லலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

நம் வழக்கங்களில் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறோம். இரத்தப்போக்கு தொடங்கக்கூடிய காலமும் ஏறக்குறைய அதுவே. தாய் வீடு ஆஸ்பத்திரிக்கு அருகில் இருந்தால் நல்லது. மலையடிவாரத்தில், கடைசி பஸ் ஆறு மணிக்குப் போய்விடும் ஊராக இருந்தால், 32-ஆம் வார ஸ்கேன் முடியும் வரையாவது பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அம்மாதான் மகளிடம் வந்து தங்கக் கூடாதா என்ன?

கடைசி ஸ்கேனில் ஓரம் 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் தூரத்தையும் மற்ற நிலைமைகளையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான். இரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு அதைப் பொதுவாக 36, 37 வாரங்களில் வைத்துக்கொள்கிறோம். முன்பே சிசேரியன் ஆன தாய்க்கு நஞ்சுக்கொடி கீழே இருந்தால் இன்னும் கவனம் தேவை. பழைய தழும்புக்குள் அது வேர்விட்டு, பிள்ளை பிறந்த பின்பும் பிரியாமல் போகலாம். ப்ரீவியா உள்ளவர்களில், ஒரு சிசேரியன் முன்பு ஆனவர்களுக்கு நூற்றுக்கு 11 பேர், இரண்டு ஆனவர்களுக்கு 40 பேர், மூன்று ஆனவர்களுக்கு 61 பேர் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று கண்டது. இவர்கள் எந்நேரமும் இரத்தமும் அறுவை வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவிக்க வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் பெண்ணுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இரத்தத்தைக் கூட்டுவது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12 உள்ளவள் தாங்குகிற இழப்பை 8 உள்ளவள் தாங்கமாட்டாள். இரும்புச் சத்து மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும். காப்பி, தேநீரோடு சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட வேண்டாம். முருங்கைக் கீரையும் நல்லதுதான், ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது. இரத்த வகையை முன்னமே பார்த்து வைக்க வேண்டும். நெகடிவ் வகையானால் இரத்தம் படும்போது அதற்கென்று ஓர் ஊசியும் தேவைப்படும்.

சென்ற ஆண்டு எங்கள் வார்டில் ஒரு மீனவப் பெண் 31-ஆம் வாரத்திலிருந்து ஐந்து வாரம் தங்கியிருந்தாள். மூன்று முறை இரத்தம் பட்டது. பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போட்டோம். மூத்த பிள்ளை வீட்டில் அழுகிறது என்று தினமும் டிஸ்சார்ஜ் கேட்பாள். பக்கத்துக் கட்டில் பாட்டி அவளுக்குப் பல்லாங்குழி ஆடக் கற்றுக்கொடுத்து உட்கார வைத்தார்கள். நான்காம் முறை விடியற்காலை மூன்றரை மணிக்கு வந்தது. அறுவை அரங்கில் நான்கு யூனிட் இரத்தம் ஏற்றினோம். அந்த நான்கையும் கொடுத்தது அருகிலுள்ள சபையின் வாலிபர் சங்கம், அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பு. பெண் குழந்தை, 2 கிலோ 300 கிராம்.

இரத்தத்தில் பிரித்தெடுக்கும் சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்க முடியும் என்பதால், பண்டிகைக்கு ஒரு முகாம் வைத்தால் ஆண்டு முழுவதும் போதாது. 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

போதகர் அம்மாவிடமிருந்து சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. செங்கல்களை எடுத்துவிட்டார்களாம். மகள் ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே போய் வந்தாளாம். 32-ஆம் வார ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறோம். அதிலும் நஞ்சுக்கொடி கீழேயே இருந்தால், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சித்தி வீட்டில் பிரசவம் வரை தங்கவைக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. மருமகன் தம் இரத்த வகையைப் பரிசோதித்து, சீட்டையும் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறார்.